தென்னையில் வந்த மாடன்

மார்ச் 11, செவ்வாய்

தங்கப்பழம் அண்ணாச்சி இன்று காலை தென்னைமரத்திலிருந்து விழுந்துவிட்டார். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. உயிருக்கு ஒன்றுமில்லை. விழக் காரணம் என் பாட்டு.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். நாளைக்கு ஊர் வேறு மாதிரிச் சொல்லும்.

அண்ணாச்சிக்குத் தொழில் தேங்காய் வெட்டு. கரையடிவிளை கரையடி மாடன் கோயிலுக்கு அவர்தான் சாமியாடி. வருஷக் கொடைத் திருவிழா அன்று நான் வில்லுப்பாட்டில் மாடன் கதையைப் பாடுவேன். கதை முடிவில் வரத்துப் பாட்டு என்று ஒன்று உண்டு. அதைப் பாடினால் அவர் மேல் மாடன் இறங்குவான். எனக்கு வில்லு வாத்தியாராக இருந்த அருமைநாயகம் அண்ணாவி பாடின காலத்தில் சாமி வர அரைமணி நேரம் ஆகும். என் மெட்டுக்கு மூன்றாவது அடியிலேயே வந்துவிடும். எனக்கு அதில் ஒரு கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

வில்லுப்பாட்டைப் பதிவு செய்கிறவர்கள் எல்லாரும் வரத்துக்கு முன்னாலேயே நிறுத்தி மங்களம் பாடிவிடுவார்கள். விளக்கு, பூ, ஆள் எதுவும் தயாராக இல்லாத இடத்தில் சாமியைக் கூப்பிடக்கூடாது என்று வழக்கம். எனக்கும் தெரியும். கிழடுகள் சோம்பலுக்குச் சொன்ன சாக்கு என்று நினைத்தேன். வாங்குகிறவர்கள், "என்னக்கா, முழுசா இல்லியே" என்று கேட்டார்கள். போன மாதம் போட்ட மெமரி கார்டில் வரத்தையும் சேர்த்துவிட்டேன். அட்டையில் சிவப்பு எழுத்தில் 'முழுக்கதை' என்று அச்சடித்தேன். விளம்பரத்துக்காகத் தோப்புமுக்கு டீக்கடைக்கு ஒன்று சும்மா கொடுத்தேன்.

இன்று காலை டீக்கடைக்காரர் அதைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். அண்ணாச்சி மரத்து மேலே இருந்தார். கீழே நின்று காய் பொறுக்கியவன் சொன்னது: அருவாளைத் தூர எறிந்தாராம், இரண்டு கையையும் விட்டாராம், மட்டைக்கு நடுவில் நின்று ஆடினாராம். விழுந்தது ஓலைக் குவியலில்.

மூன்றாவது அடியில்தான்.

இன்று தோவாளைச் சந்தை ஏலத்தில் என் பூக்கடைக்கு வாங்கும் பிச்சிப்பூ நல்ல விலைக்கு இறங்கியது. எடுக்கவில்லை.

மார்ச் 12, புதன்

நாகர்கோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். தொழில் சம்பந்தமாகத்தான். சாமியாடிக்கு என்ன ஆச்சு என்று தெரிந்தால்தானே அடுத்து என்ன செய்ய என்று பார்க்க முடியும்.

அண்ணாச்சி மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். வாசலிலேயே அவர் பெண்டாட்டி செண்பகவடிவு மைனி மறித்தாள். பையில் ஆப்பிளும் கவரில் பணமும் கொண்டுபோயிருந்தேன். ஆப்பிளை வாங்கிப் பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குக் கொடுத்தாள். கவரை என் ஜாக்கெட்டிலேயே திருப்பிச் செருகினாள்.

"இதை வச்சி என்ன செய்யட்டும்? தோப்புக்காரரு ஆளு எங்கன்னு கேக்காரு. நாளைக்கு வந்து மரம் ஏறுதியா?"

ஏறத் தெரியாது என்றேன்.

"ஏத்தி விட மட்டும் தெரியும்."

வரும் வழியில் ஈத்தாமொழியில் இரண்டு வெட்டாட்களைப் பிடித்து, அண்ணாச்சி பேரில் அவர் பிடித்திருந்த தோப்புகளுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தேன். குத்தகை கைமாறிவிட்டால் பிறகு கிடைக்காது. கூலி போக மிச்சம் மைனி கைக்கே போகும். என் பேர் சொல்லக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். சொல்லிவிடுவார்கள்.

மார்ச் 14, வெள்ளி

காலையில் பாடிப் பார்க்க உட்கார்ந்தேன். தொண்டை சரியில்லை. பனி.

மார்ச் 16, ஞாயிறு

கோயிலுக்கு வரி கட்டும் வரிதாரர் கூட்டம். என்னை வரச்சொல்லி, வெளியே வேப்பமரத்தடியில் நிற்கவைத்தார்கள். தலைவர் நம்பிராஜன் ரிட்டயர்டு தாலுகா ஆபீஸ்காரர். பத்து நிமிஷம் பேசினார். சாராம்சம் இதுதான்: இந்தச் சித்திரைக் கொடைக்கு வில்லு எனக்கில்லை, அருமைநாயகம் அண்ணாவிக்கு.

அருமைநாயகம் அண்ணாவியிடம்தான் பத்தொன்பது வயதில் ஜால்ரா போடச் சேர்ந்தேன். பதினோரு வருஷம் போட்டேன். வில்லு முன்னால் உட்கார வேண்டும் என்று கேட்டபோது, பொம்பளை வில்லடித்தால் குடம் உடையும் என்றார். மறுநாளே விலகிவிட்டேன். தோவாளைச் சந்தையில் பூ வாங்கி விற்றேன். அந்தக் காசில் வில்லு வாங்கினேன், குடம் வாங்கினேன், குடம் அடிக்கச் செல்லத்துரையைப் பிடித்தேன். ஒருவரும் அழைக்கவில்லை. கரையடிவிளைதான் முதலில் அழைத்தது. அதுவும் தங்கப்பழம் அண்ணாச்சி, "யாரு பாடினா என்ன, மாடனுக்குக் காது இருக்கு" என்று கூட்டத்தில் சொன்னதால். யாரும் முழுசாகப் பாடாமல் கிடந்த இந்த ஊர் மாடனின் கதையை வீடு வீடாகக் கேட்டு, மெட்டுக் கட்டிப் பாடினேன். அதற்குப் பிறகுதான் மற்ற ஊர்கள் வந்தன. பாட்டைப் பதிவு செய்வதும் நான், விற்பதும் நான். எந்தக் கம்பெனிக்கும் கையெழுத்துப் போட்டதில்லை.

கரையடிவிளை என்னை விட்டால் மற்ற ஊர்களும் விட்டுவிடும். இன்றைக்கே நான்கு ஊரிலிருந்து, "பாத்துச் சொல்லுதோம்" என்று போன் வந்துவிட்டது. வியாபாரத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே முடிவு: இந்தக் கொடையை நான்தான் பாடுவேன். கெஞ்ச மாட்டேன். முதலில் சேதத்தை அள்ளுகிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

காலையில் ஏலம் முடிந்ததும் மொபெட்டை எடுத்துக்கொண்டு கார்டு வேட்டை. வரத்து இல்லாத புதுக் கார்டைக் கொடுத்துப் பழையதை வாங்கினேன். டீக்கடை, சலூன், ஆட்டோ ஸ்டாண்டு. பாதிப்பேர் பேசாமல் தந்தார்கள். ஒரு மினிபஸ் டிரைவர் மட்டும் தர மாட்டேன் என்றார்.

"இதைப் போட்டாத்தான் யக்கா பஸ்ஸு நெறையுது. எவனுக்கு வரும், எப்ப வரும்னு பாக்க ஏறுதானுவ."

"உமக்கே வந்துட்டா ஸ்டீரிங்கை யாரு பிடிப்பா?" என்று கேட்டேன். கழற்றிக் கொடுத்துவிட்டார்.

மார்ச் 22, சனி

பாட்டைப் பதிவு செய்த ஆடியோ கடைக் குமரேசன் என்னைக் கேட்காமல் வரத்தை மட்டும் வெட்டி நெட்டில் ஏற்றியிருக்கிறான். தலைப்பு: மரத்தில் இருந்தவரை ஆடவைத்த பாட்டு. லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். கீழே எழுதியிருப்பதைச் செல்லத்துரை வாசித்துக் காட்டினான். பாதி கும்பிடு, பாதி கேலி.

கடைக்குப் போனேன். குமரேசன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். காபி வந்தது. காபி வந்தால் பேரம் இருக்கிறது என்று அர்த்தம். எல்லாப் பாட்டையும் மொத்தமாக எழுதிக் கொடுத்தால் ஒரு தொகை சொன்னான். சின்னத் தொகை இல்லை. இரண்டு சீசன் வில்லடித்தாலும் எனக்கு அவ்வளவு மிஞ்சாது.

பொய் எழுத மாட்டேன். அந்த நிமிஷம் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன்.

பிறகு, விழுந்தவர் கால் இன்னும் மாவுக்கட்டில் இருக்கிறது, அவர் விழுந்ததை வைத்து நீ ஆள் கூட்டுகிறாய், அதை இறக்கு என்றேன். நெட்டில் ஏறினது ஏறினதுதான் என்று சிரித்தான். உரிமை என்னிடம் என்பது அவனுக்கும் தெரியும். ஆனால் கோர்ட்டுக்குப் போய் நான் ஜெயிப்பதற்குள் கொடை நான்கு முறை வந்துபோய்விடும். அதனால் பேரத்துக்கு வந்தேன். அவனுக்கு வேண்டியது ஓடுகிற சரக்கு. என்னிடம் நன்றாக ஓடுவது கல்யாண வாழ்த்துப் பாட்டுகள்தான். மாதா மாதம் வீட்டுச் செலவு அதில்தான் நடக்கிறது.

"வாழ்த்துப் பாட்டு பன்னிரண்டையும் ஒரு வருஷத்துக்கு நீயே எடுத்துக்கோ. எனக்கு ஒண்ணும் வேண்டாம். வரத்து இன்னைக்கே எறங்கணும். உங்கிட்ட ஒரு காப்பி இருக்கக்கூடாது."

"ஒத்தப் பாட்டுக்குப் பன்னிரண்டா? நஷ்டம்லா யக்கா உங்களுக்கு."

"எனக்குத் தெரியாதா?"

நான் பார்க்க இறக்கினான். கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்தான். அவன் போட்டதை எடுத்துப் போட்டவர்கள் நாலைந்து பேர். அவர்களுக்கும் அவனே எழுதி இறக்கவைக்க வேண்டும் என்று பேச்சு.

வீட்டுக்கு வந்து பழைய சோறு.

மார்ச் 30, ஞாயிறு

அண்ணாச்சி வீட்டுக்கு வந்துவிட்டார். மைனிக்கு நான் காசு கொடுத்தால் வாங்க மாட்டாள். அதனால் இரண்டு கூடை அரளியும் நார்க்கட்டும் கொண்டுபோய்த் திண்ணையில் வைத்து, மாலை கட்ட ஆள் இல்லை, சந்தையில் எல்லாருக்கும் தருகிற கூலிதான், ஒரு பைசா கூடத் தர மாட்டேன் என்றேன். மைனி அரளியைக் கிளறிப் பார்த்தாள்.

"கூட்டித் தந்திருந்தா கூடையோட தூக்கி எறிஞ்சிருப்பேன்" என்றாள்.

கை வேகம். முதல் நாளே சந்தைக்காரிகளைவிட நெருக்கமாகக் கட்டினாள். வெட்டாட்களை அனுப்பியது நான் என்று தெரியுமா என்று கேட்கவில்லை. தெரிந்திருக்கிறது. நான் கிளம்பும்போது ஒரு தேங்காயை என் கூடையில் போட்டாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

செண்பகவடிவு மைனி என் வாடிக்கைக் கடை இரண்டை நேராகப் பேசித் தன் பக்கம் இழுத்துவிட்டாள். நான் கொடுத்த பூவிலேயே. கெட்டிக்காரி.

ஏப்ரல் 9, புதன்

செல்லத்துரை குடத்தைத் துடைத்துத் துடைத்து வைக்கிறான். எப்போது ஒத்திகை என்று கேட்டான். பனி குறையட்டும் என்றேன். "பங்குனி முடியப் போவுது, இன்னும் என்ன பனி யக்கா?" என்றான். குடத்தை அடிக்கப் புது மட்டை வாங்கப் பணம் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள். சித்திரை ஒன்று.

பழம், வெற்றிலை, ஒரு முழம் பிச்சியோடு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். மைனி கடைக்கு மாலை கொடுக்கப் போயிருந்தாள். அண்ணாச்சி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கட்டு சின்னதாகியிருக்கிறது. பக்கத்தில் ஊன்றுகம்பு.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான்கு வார்த்தை யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"கனி, உங்கிட்ட மட்டும் சொல்லுதேன். எனக்குப் பயமா இருக்கு."

மரம் ஏறவா என்றேன்.

"மரத்தை விடு. இனிமே ஏறப் போறதில்லே. கோயில் மணி அடிச்சாலே இந்தக் கால் நடுங்குது. மாடன் வாரானா, பயம் வருதான்னு எனக்கே பிரிச்சுச் சொல்ல முடியலே. கொடை அன்னைக்கு நீ பாடி, அவன் வரலேன்னு வச்சுக்கோ. ஊரு என்ன சொல்லும்? மாடன் இவனை விட்டுட்டான்னு சொல்லும். நடிச்சிரலாம். இத்தனை வருஷம் ஆடினவனுக்கு நடிக்கவா தெரியாது? ஆனா ஒரு தடவை நடிச்சிட்டா அப்புறம் எது நெசம்னு எனக்கே தெரியாமப் போயிரும்."

நானும் உள்ளதைச் சொன்னேன். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு நான் பாடவே இல்லை. வாயைத் திறந்தால் மூன்றாவது அடியில் நிற்கிறது. எல்லாரிடமும் பனி என்று சொல்லி வருகிறேன்.

அண்ணாச்சி கொஞ்சம் சிரித்தார். "ரெண்டு பேரும் நாள்பட்ட பூவு. எவன் வாங்குவான்?"

"விக்கித இடத்துல வச்சா விக்கும் அண்ணாச்சி" என்றேன். வாய் அதுவாகச் சொன்னது.

பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அவர் நடிக்கக்கூடாது. நான் வரத்தை ஒரே முறை பாட வேண்டும். சாமி வரவில்லை என்றால் இழுக்கவோ திரும்ப எடுக்கவோ கூடாது, மங்களத்துக்குப் போய்விட வேண்டும். வந்தால் இரண்டு பேருக்கும் பிழைப்பு. வராவிட்டால் அவருக்குச் சாமி இல்லை, எனக்கு வில்லு இல்லை.

ஆனால் பாடவே எனக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

சந்தையில் சாக்கு மூட்டை கட்டும்போது முணுமுணுத்தேன். இரண்டு அடி வந்தது.

மே 2, வெள்ளி

இன்று கோயிலில் கால்நாட்டு. கொடைக்கு ஏழு நாள் முன்னால் பந்தல் கால் ஊன்றிவிட்டால், யார் பூசை, யார் மேளம், யார் வில்லு என்பது அத்தோடு முடிவாகிவிடும். அதனால் இன்றைக்கே போனேன். திரும்ப வாங்கிய கார்டுகள் எல்லாவற்றையும் ஒரு பூக்கூடையில் போட்டு, நம்பிராஜன் முன்னால் கவிழ்த்தேன்.

"இதுதான் நான் செஞ்ச தப்பு. நெட்டுல இருந்ததையும் இறக்கியாச்சு. வேற என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் கார்டுகளைக் கிளறிப் பார்த்தார். தப்பை உணர்ந்ததற்கு மகிழ்ச்சி, ஆனால் கமிட்டி முடிவு முடிவுதான் என்றார். அப்போது அண்ணாச்சி ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒரு பக்கம் கம்பு, ஒரு பக்கம் மைனி. எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"மரத்துல என்னைக் கூப்பிட்டது இவ பாட்டு. வந்தது மாடன். பொய்யாக் கூப்பிட்டிருந்தா ஒண்ணும் வந்திருக்காது, நானும் விழுந்திருக்க மாட்டேன். கூப்பிடத் தெரிஞ்சவளை வேண்டாம்னுட்டு வேற யாரைக் கூப்பிடப் போறிய?"

நம்பிராஜன், உங்கள் நல்லதுக்குத்தான் என்று இழுத்தார். மைனி குறுக்கே வந்தாள்.

"காலு அவரோடது. நஷ்டம் எங்களோடது. நாங்களே பாடட்டும்னு சொல்லுதோம். ஒங்களுக்கு எங்கே ஒடைஞ்சிருக்கு?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அத்தோடு முடிந்தது. நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: வரத்துப் பாடும்போது பந்தலில் ஒருவர் கையிலும் செல்போன் இருக்கக்கூடாது. நான் பதிவு செய்யாவிட்டாலும் ஊரே பதிவு செய்துகொண்டுதானே உட்கார்ந்திருக்கும். அது நடக்காது என்றார் நம்பிராஜன். நடத்துகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் செல்லத்துரையைக் கூப்பிட்டு வில்லுக்கு நாண் ஏற்றினேன்.

மே 9, வெள்ளி. கொடை.

மத்தியானக் கொடை. சந்தையிலிருந்து பெரிய பூக்கூடை ஏழு கொண்டுபோனேன். செண்பகவடிவு மைனி பந்தல் வாசலில் நின்றுகொண்டு போன் வாங்கினாள். போனில் பேர் ஒட்டி, கூடையில் வாழையிலை விரித்து அடுக்கினாள். மறுத்தவர்களிடம், "சாமி உம்ம மேல வந்தா போனைக் கீழே போட்டிருவீரு. இருவதாயிரமாச்சே" என்றாள். நம்பிராஜன் போன் கடைசியாக வந்தது. இரண்டு போன் வைத்திருந்தார்.

பத்து மணிக்குக் கதையை ஆரம்பித்தேன். முதல் பாட்டில் குரல் கரகரத்தது. செல்லத்துரை குடத்தை ஓங்கி அடித்து மறைத்தான். நல்ல பையன். பிறகு சரியாகிவிட்டது. மாடன் பிறந்ததும், மேய்ச்சலுக்குப் போனதும், குளத்தங்கரையில் அவனைக் காவல் வைத்ததும் பாடி முடிக்கும்போது வெயில் உச்சிக்கு வந்தது. சன்னதிக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணாச்சி. சிவப்புக் கச்சை. மடியில் கம்பு.

வரத்தை எடுத்தேன்.

முதல் அடி. இரண்டாவது அடி. மூன்றாவது அடி. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் சலசலப்பு. ஐந்தாவது, ஆறாவது. கடைசி அடியும் பாடி முடித்தேன். ஒன்றுமில்லை.

அந்த இடத்தில் இன்னொரு முறை எடுத்திருக்கலாம். வில்லுக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான், யாரும் தப்பென்று சொல்ல மாட்டார்கள். செல்லத்துரை திரும்ப எடுக்கச் சொல்லிக் கண் காட்டினான். நான் வில்லடிக்கும் வீசுகோலை மடியில் வைத்துவிட்டேன். பேசினது பேசினதுதான். வில்மணி ஓசை நின்றது. ஒருவர் கையிலும் போன் இல்லாததால் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மங்களத்துக்கு வாயைத் திறந்தேன். நாற்காலி கிறீச்சிட்டது.

அண்ணாச்சி எழவில்லை. ஆடவில்லை. நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்தபடி தலையை மட்டும் நிமிர்த்தினார். அந்தக் கண் அவருடையது இல்லை. இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து பார்த்தவள், எனக்குத் தெரியும். மைனி முதலில் குலவை போட்டாள்.

நம்பிராஜன் பக்கத்திலிருந்தவரிடம், மாடன் உட்கார்ந்து வருகிற வழக்கம் இல்லையே என்று மெதுவாகச் சொன்னார். அது மாடன் காதில் விழுந்துவிட்டது.

"நீ நிக்கேல்லா. அது போதும்" என்றது மாடன்.

நம்பிராஜன் கை கட்டி நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டது. வில்லை விட்டு எழுந்து போய் நின்றேன்.

"என்னை எதுக்கு டீக்கடையில கூப்பிட்டே?"

"யாவாரம் பெருகட்டும்னு."

"பெருகிச்சா?"

"இல்லே. குறைஞ்சிட்டு."

"இனிமே?"

இந்த இடத்தில் எல்லாரும் காலில் விழுந்து இனிமேல் செய்ய மாட்டேன் என்பார்கள். எனக்குச் செலவுக் கணக்கு முழுக்க நினைவுக்கு வந்தது.

"வரத்தை இனி விக்க மாட்டேன். மத்த பாட்டை விப்பேன். அதையும் நிறுத்தச் சொன்னா நான் ஒத்துக்கிட மாட்டேன். எனக்கு அதுதான் சோறு."

பந்தலில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். மாடனிடம் பேரம் பேசுகிறாளே என்று பின்னால் ஒரு கிழவர் சொன்னது கேட்டது. மாடன் கையை நீட்டியது.

"வித்துக்கோ. எனக்கு என்ன தருவே?"

சொன்னேன். குறைத்துப் பேசவில்லை. திருநீறு போட்டது.

மே 10, சனி

அண்ணாச்சிக்கு ஒன்றும் நினைவில்லையாம். காலையில் கடைக்கே ஆட்டோவில் வந்துவிட்டார். மைனிக்குச் சந்தையில் என் கடைக்கு எதிர்க்கடை கிடைத்திருக்கிறது, அட்வான்ஸ் கொடுத்துவிட்டாள். அவர் அங்கே உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பாராம். ஏலத்தில் இனி இவர்களோடும் மல்லுக்கட்ட வேண்டும்.

"நான் என்ன சொன்னேன், நீ என்ன சொன்னே? உள்ளதைச் சொல்லு" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். நம்பிராஜனிடம் சொன்னதைக் கேட்டு இருமும் வரை சிரித்தார். கால் நடுங்கிற்றா என்று கேட்டேன். அது ஒன்று மட்டும் நினைவிருக்கிறது என்றார். கடைசி அடி வரை நடுங்கிற்றாம். நான் நிறுத்தினதும் நின்றுவிட்டதாம்.

மத்தியானம் நம்பிராஜன் அடுத்த வருஷத்துக்கு வெற்றிலை பாக்கு கொண்டுவந்தார். 'பார்த்துச் சொல்கிறோம்' என்ற நான்கு ஊரில் மூன்று போன் செய்துவிட்டது. நான்காவது ஊரை நானே கூப்பிடுவேன்.

மாடனோடும் நம்பிராஜனோடும் பேசி முடித்தது இவ்வளவு. கரையடி மாடன் வரத்தை நான் எந்தக் கருவியிலும் பதிய மாட்டேன். கரையடிவிளைப் பந்தலில், விளக்கும் பூவும் சாமியாடியும் இருக்கும்போது, வருஷத்துக்கு ஒரே முறை பாடுவேன். மற்ற பாட்டுகள் முழுக்க எனக்கு. நான் விற்பேன், மாடன் கேட்க மாட்டான். வரத்துக்குச் சம்பளம் கிடையாது. மற்றக் கதைக்குப் போன வருஷத்துச் சம்பளம், பதினெட்டாயிரம், குடத்துக்குத் தனி. கொடைக்கு வேண்டிய பிச்சி மாலை ஆயுசுக்கும் என் செலவு. மாலை கட்டுவது செண்பகவடிவு மைனி, சந்தைக் கூலிக்கு, ஒரு பைசா கூடாமல்.